மண்ணில் பதிந்த பெயர்கள் – 6: அரேட்ஸோவின் சிவப்புத் தட்டு

ரோட்ஸ் தீவின் மதுச்சாடிகளைச் சென்ற இதழில் பார்த்தோம். ஒரு கைப்பிடியில் அந்த ஆண்டுக்குரிய சூரியக் கோயில் பூசாரியின் பெயர், மறு கைப்பிடியில் சாடி செய்தவர் பெயர். மது குடித்தவர்கள் யாரும் அதைக் குனிந்து வாசித்திருக்க மாட்டார்கள். இந்த இதழில் வருவது அப்படி ஓரமாக ஒதுங்கி நிற்கிற முத்திரை அல்ல. தட்டின் உட்புறத்தில், நட்ட நடுவில், சாப்பிட்டு முடித்ததும் கண்ணில் படுகிற இடத்தில் குத்தியிருக்கிறார்கள். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சின்னச் சதுரமோ நீள்சதுரமோ. அதற்குள் நாலைந்து எழுத்துகள். அந்த எழுத்துகளை வைத்து ரோமப் பேரரசின் படைமுகாம்களுக்குத் தேதி குறித்தார்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு மேட்டுக்கும் தேதி குறித்தார்கள்.

அரேட்ஸோ, ஃபுளோரன்ஸிலிருந்து தென்கிழக்கே உள்ள இத்தாலிய நகரம். எட்ரஸ்கர்கள் வாழ்ந்த ஊர். ரோமானியர் காலத்தில் அரேட்டியம் என்று பெயர். பேரரசர் அகஸ்டஸின் நண்பரும் கவிஞர்களைப் போஷித்தவருமான மெசெனாஸ் இந்த ஊர்க்காரர்தான். இங்குள்ள குயவர்கள் வெகுகாலமாகக் கறுப்புப் பாத்திரம் செய்துவந்தார்கள். கி.மு. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதி கடந்ததும், சில பத்தாண்டுகளுக்குள், கறுப்பைக் கைவிட்டுச் சிவப்புக்கு மாறினார்கள். கிழக்கு மத்தியதரைக் கடல் ஊர்களிலிருந்து வந்த சிவப்புப் பாத்திரங்கள் அப்போது மோஸ்தராகியிருந்தன.

சூளைக்குள் காற்றை அடைத்துப் புகையில் வேகவிட்டால் பாத்திரம் கறுக்கும். காற்றுப் போக விட்டு வேகவைத்தால் சிவக்கும். நம் ஊர்க் குயவருக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அரேட்டியத்துக்காரர்களின் சாமர்த்தியம் மேற்பூச்சில் இருந்தது. களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, கனமான துகள்கள் அடியில் தங்கியபின், மேலே நிற்கிற மிக நுண்ணிய கலங்கலை மட்டும் இறுத்து எடுத்தார்கள். வனைந்து காய்ந்த பாத்திரத்தை அதில் முக்கி எடுத்தார்கள். சூளையில் அந்தப் பூச்சு இறுகி, பவளம் போல மினுமினுக்கும் சிவப்பாக மாறும். சீனப் பீங்கானின் கண்ணாடிப் பூச்சு அல்ல இது, மண்ணேதான். விறகுப் புகை பாத்திரத்தில் படாமலிருக்கச் சூளைக்குள் சுடுமண் குழாய்களை நிறுத்தி, அவற்றின் வழியே நெருப்பின் ஆவியைச் செலுத்தினார்கள். வெப்பம் 1,000 பாகையை ஒட்டிப் போயிருக்கிறது. செலவு பிடித்த, கவனம் பிடித்த வேலை. வெள்ளித் தட்டு வாங்க வசதியில்லாதவர்களுக்கு வெள்ளித் தட்டின் வடிவத்திலேயே ஒரு மண் தட்டு. ரோமானிய எழுத்தாளர் பிளினி தன் இயற்கை வரலாற்றில் நல்ல மண்பாத்திர ஊர்களை எண்ணிச் சொல்லும்போது அரேட்டியத்தையும் சேர்த்துக்கொள்கிறார்.

முத்திரை எப்போது விழும்? சக்கரத்திலிருந்து இறக்கிய தட்டு ஈரமாக இருக்கும்போது குத்தினால் எழுத்து குழம்பிவிடும். நன்றாகக் காய்ந்தபின் குத்தினால் தட்டு விரிசல் விடும். இரண்டுக்கும் நடுவே, கையில் எடுத்தால் வளையாத, ஆனால் அழுத்தினால் தடம் வாங்கும் ஒரு பதம் இருக்கிறது. அந்த நேரம் பார்த்துக் குத்தவேண்டும். அதன்பின் பூச்சில் முக்கினால், பூச்சு எழுத்துகளைச் சுற்றிய பள்ளங்களில் தேங்கி ஓரங்களை மழுக்கிவிடும். அதனால்தான் பல முத்திரைகளில் பெயரின் பாதி தெளிவாகவும் மீதி ஊகமாகவும் இருக்கிறது.

முத்திரைக் கட்டைகள் பெரும்பாலும் சுடுமண்ணாலேயே ஆனவை. கட்டையில் எழுத்தை இடவலம் மாற்றிப் பள்ளமாக வெட்டினால்தான் தட்டில் நேராகவும் புடைத்தும் விழும். எழுத்தறிந்தவருக்கே கை தடுமாறும் வேலை இது. எழுத்தறியாதவர் எழுத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டினால் கேட்கவே வேண்டாம். கட்டையில் நேராக வெட்டியதால் தட்டில் கண்ணாடிப் பிம்பமாக விழுந்த பெயர்கள் ஏராளம். வெட்டியவருக்கு எழுத்தே தெரியாது என்று காட்டிக்கொடுக்கும் வெறும் கோடுகளும் குறுக்குகளும் மட்டும் உள்ள முத்திரைகளும் உண்டு. இன்று கைவினைக் குயவர்கள் தங்கள் பெயர் எழுத்தை அனுப்பினால் பித்தளையிலோ அக்ரிலிக்கிலோ லேசரால் வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். இடவலம் மாற்றும் தலைவலியைக் கணினி பார்த்துக்கொள்கிறது.

இடம் போதாததால் எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டினார்கள். ஒரு எழுத்தின் வலது காலையே அடுத்த எழுத்தின் இடது காலாக்கினார்கள். அத்தேயுஸ் என்ற புகழ்பெற்ற பட்டறைக்காரரின் பெயர் இப்படித்தான் பின்னிக் கிடக்கிறது. பழகிய கண்ணுக்கு அதை எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டியதில்லை, பார்த்தாலே போதும்.

இனி பெயர்களுக்கு வருவோம். எனக்கு இந்த முத்திரைகளில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

மார்க்குஸ் பெரென்னியுஸ் என்றொருவர் அரேட்டியத்தில் பெரிய பட்டறை வைத்திருந்தார். அவர் பட்டறையின் சிறப்பு, அச்சில் வார்த்த சித்திரக் கிண்ணங்கள். நடனமாடும் பெண்கள், இறகு முளைத்த தேவதைகள், விருந்துக் காட்சிகள் என்று கிண்ணத்தின் வெளிச்சுவர் முழுக்கப் புடைப்பு வேலை. ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு சின்னக் கட்டை; அதை அச்சின் உட்சுவரில் அழுத்தி அழுத்திக் காட்சியை அமைப்பார்கள். அந்த அச்சுக்குள் களிமண்ணை வைத்துச் சக்கரத்தில் சுழற்றிக் கிண்ணம் எடுப்பார்கள். காயும்போது களிமண் சுருங்குமே, அப்போது கிண்ணம் தானாக அச்சிலிருந்து விலகி வந்துவிடும். பெயர் முத்திரையும் உருவங்களுக்கு நடுவே அச்சிலேயே பதிந்திருக்கும். ஆகவே அந்த அச்சில் பிறந்த எல்லாக் கிண்ணமும் ஒரே பெயரைச் சுமக்கும்.

அந்தக் கிண்ணங்களில் பெரென்னியுஸின் பெயர் மட்டும் இல்லை. செர்டோ, நிக்கெஃபொருஸ், பிலாதெஸ் என்று இரண்டாவது பெயர் ஒன்று கூடவே வருகிறது. அவை கிரேக்கப் பெயர்கள். முதலாளியின் பெயர் வேற்றுமை உருபோடு நிற்கும்: "பெரென்னியுஸினுடைய செர்டோ". செர்டோ அவருடைய அடிமை. சந்தையில் விலைகொடுத்து வாங்கப்பட்ட ஒருவனின் பெயர், உலகம் முழுக்க விற்பனைக்குப் போன பாத்திரத்தில், முதலாளியின் பெயருக்குப் பக்கத்தில்.

அடுத்த காலகட்டத்தில் அதே பட்டறையில் இன்னொரு பெயர் எழுகிறது: மார்க்குஸ் பெரென்னியுஸ் திக்ரானுஸ். திக்ரான் அர்மீனிய அரசர்கள் வைத்துக்கொண்ட பெயர். ரோமில் ஓர் அடிமைக்கு விடுதலை கிடைத்தால், பழைய முதலாளியின் முதல் இரண்டு பெயர்களையும் தன் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொள்வது வழக்கம். ஆகவே திக்ரானுஸ் விடுதலை பெற்ற அடிமை, பிறகு பட்டறையின் பொறுப்புக்கு வந்தவர் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவருக்குப் பின் பர்காத்தெஸ் வருகிறான். சிரியப் பக்கத்துப் பெயர். அவனும் அதே ஏணியில்தான் ஏறியிருக்கவேண்டும். இவர்களில் யாருடைய வாழ்க்கையைப் பற்றியும் எந்த ரோமானிய ஆசிரியரும் ஒரு வரி எழுதவில்லை. தட்டில் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து கூடியிருக்கிறது என்பதிலிருந்து ஒரு மனிதன் விடுதலையானதைத் தெரிந்துகொள்கிறோம்.

அத்தேயுஸின் கதை வேறு ரகம். நேயுஸ் அத்தேயுஸ் அரேட்டியத்தில் தொழில் தொடங்கியவர். அவர் பட்டறையின் குப்பைக்குழி 1950-களில் அந்நகரில் தோண்டும்போது கிடைத்தது. ஆனால் அவருடைய முத்திரை ஜெர்மனி எல்லையில் ரோமானியப் படைகள் தங்கிய முகாம்களில் குவியல் குவியலாகக் கிடைத்தது. அரேட்டியத்திலிருந்து ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இவ்வளவு சரக்கா என்று வெகுநாள் எல்லோரும் வியந்தார்கள். பிறகு ஓடுகளின் களிமண்ணை ரசாயனப் பரிசோதனை செய்து பார்த்தபோது விஷயம் வெளியானது. முத்திரை ஒன்றுதான்; மண் வேறு. பெரும்பகுதி கடலுக்குப் பக்கத்தில் இருந்த பீசாவில் செய்யப்பட்டது. இன்னொரு பங்கு பிரான்ஸின் லியோன் நகரில். அங்கே லா மியூவெட் என்னுமிடத்தில் 1960-களில் பட்டறையே அகப்பட்டது. ஜெர்மனியின் ஹால்டெர்ன் முகாமில் கிடைத்த தட்டுகளில் பாதியளவு லியோன் சரக்கு. மிச்சத்தில் பெரும்பங்கு பீசாவுடையது. அரேட்டியத்தின் பங்கு சொற்பம். தலைமைக் கடை பெயரைப் போட்டுக்கொண்டு கிளைகள் விற்றிருக்கின்றன. அத்தேயுஸிடமிருந்து விடுதலை பெற்ற சோய்லுஸ், மாஹெஸ், க்ஸாந்துஸ், எவ்ஹோதுஸ் ஆகியோர் தங்கள் பெயரிலும் முத்திரை போட்டார்கள். இதற்கிடையில், 'உண்மையான அரேட்டியப் பாத்திரம்' என்று பொருள்படும் முத்திரையோடும் சில தட்டுகள் கிடைத்திருக்கின்றன. "அசல்" என்று யாராவது எழுதி வைத்தால் பக்கத்துக் கடையில் போலி விற்கிறது என்று அர்த்தம்.

ஹால்டெர்ன் இன்னொரு உபகாரமும் செய்தது. கி.பி. 9-இல் ரோமானியத் தளபதி வாருஸின் மூன்று படையணிகளை ஜெர்மானியர்கள் காட்டில் வைத்து அழித்தார்கள். அதையொட்டி ஹால்டெர்ன் முகாம் கைவிடப்பட்டது. ஆகவே அங்கே கிடைப்பதெல்லாம் அந்த ஆண்டுக்கு முந்தியது. அரேட்டியத்து முத்திரைகளின் வடிவமோ காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்தது. தொடக்கத்தில், கறுப்புப் பாத்திரக் காலத்துப் பழக்கமாக, பெரிய தட்டில் ஒரே முத்திரையைச் சுற்றிவர நாலைந்து இடத்தில் குத்தினார்கள். பிறகு நடுவில் ஒன்று போதும் என்றானது. அதற்கும் பிறகு சதுரம் போய், மனிதப் பாதத்தின் வடிவத்தில் முத்திரை வந்தது: ஐந்து விரல்களோடு ஒரு குட்டிக் காலடி, அதற்குள் பெயர். ஹால்டெர்னில் இந்தக் காலடி முத்திரை ஏறக்குறைய இல்லை. அதனால் காலடி, கி.பி. 9-க்குப் பிறகு வந்த மோஸ்தர். ஏன் காலடி, அதுவும் சாப்பிடுகிற தட்டில்? பல விளக்கங்கள் சொல்லியிருக்கிறார்கள். எதுவும் என்னைத் திருப்திப்படுத்தவில்லை. பேரரசர் திபேரியுஸ் காலம் தொடங்கி இத்தாலியக் குயவர்கள் அதை விடாமல் குத்தினார்கள் என்பது மட்டும் உறுதி.

எதற்காக முத்திரை? விளம்பரம் என்று சட்டெனச் சொல்லிவிடலாம். நாம் வாழ்கிற காலம் அப்படிச் சொல்ல வைக்கிறது. ஆனால் வாங்கியவர்களில் வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? வாசிக்கவே முடியாத முத்திரையை ஒரு குயவர் ஏன் குத்துகிறார்? விடை தெற்கு பிரான்ஸில் தார்ன் ஆற்றங்கரையில், இன்றைய மீயோ நகருக்குப் பக்கத்தில், லா க்ரோஃபசாங்க் என்னும் இடத்தில் இருக்கிறது.

இத்தாலியத் தட்டின் தொழில்நுட்பம் கல்லியர் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும், இந்த ஆற்றங்கரையில் குயவர் குடியிருப்பு ஒன்று பெருத்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் பிரிட்டன் முதல் வட ஆப்பிரிக்கா வரை சிவப்புத் தட்டு அனுப்பியது இந்த ஊர்தான். இங்கே அகழ்ந்தபோது அடிப்புறத்தில் கூர்முனையால் கிறுக்கிய தட்டுகள் நிறையக் கிடைத்தன. ஃப்ரெதெரிக் எர்மே என்ற பாதிரியார் அவற்றைச் சேகரித்து 1934-இல் புத்தகமாக வெளியிட்டார். கிறுக்கல்கள் எல்லாம் சூளைக் கணக்கு. மேலே, இது எத்தனையாவது சூளை என்று எண். கீழே வரிசையாகக் குயவர் பெயர், பாத்திர வகை, அளவு, எண்ணிக்கை. கல்லிய மொழியும் லத்தீனும் கலந்து எழுதியிருக்கிறார்கள். ஃபெலிக்ஸ், அல்பானோஸ், மாசுவேத்தோஸ், வெரெகுந்தோஸ்: இத்தனை கிண்ணம், இத்தனை தட்டு, இத்தனை குழம்புக் கிண்ணி. கூட்டிப் பார்த்தால் ஒரே சூளையில் 25,000, 30,000 பாத்திரம் வரை போகிறது.

ஒருவரால் நிரப்ப முடியாத சூளை அது. ஊரில் பலர் வனைந்ததை ஒன்றாக அடுக்கி ஒரே தடவையில் சுட்டார்கள். ஒரு பெரிய சூளைக்கு எரிகிற விறகும், அதைப் பார்த்துக்கொள்கிற ஆளும் தனியொருவருக்குக் கட்டுப்படியாகாது. சுட்டு இறக்கியபின், எல்லாம் ஒரே சிவப்பு, ஒரே வடிவம். எது யாருடையது? உடைந்தது யாருடைய கணக்கில்? முத்திரை அதற்குப் பதில் சொன்னது. வாங்குகிறவர் கண்ணுக்காக அல்ல, சூளைக்காரர் கண்ணுக்காகவே முதலில் அது வெட்டப்பட்டது என்று நினைக்கிறேன். அரேட்டியத்திலும் ஒரே பட்டறையில் பல அடிமைகள் வேலை பார்த்தார்கள்; யார் கை எவ்வளவு செய்தது என்று முதலாளிக்குத் தெரியவேண்டியிருந்தது. மறுப்பும் இல்லாமலில்லை: சூளையில் அடுக்கியிருக்கும்போது தட்டின் நடு மறைந்துபோகுமே, எல்லாப் பாத்திரத்திலும் முத்திரை இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விகள். ஆனால் கணக்குப் பார்ப்பது சூளையைப் பிரித்தபின்தான். கணக்குக்கு வந்த முத்திரை பேர்பெற்றதும் விற்பனைக்கும் உதவியது. 'உண்மையான அரேட்டியம்' அந்தப் பிற்காலத்துக் குரல்.

இந்தக் கல்லியச் சரக்கு இத்தாலிக்கே திரும்பி வந்ததற்கும் சாட்சி இருக்கிறது. பொம்பெய் நகரில் 1881-இல் தோண்டும்போது, பிரிக்காத மரப்பெட்டி ஒன்றின் சரக்கு அகப்பட்டது. உள்ளே 90 தென்கல்லியக் கிண்ணங்களும், வட இத்தாலியில் செய்த 37 விளக்குகளும். கி.பி. 79-இல் வெசூவியுஸ் வெடித்தபோது பெட்டி வந்திறங்கி அதிக நாளாகியிருக்காது. டொனால்ட் அட்கின்சன் 1914-இல் அந்தக் கிண்ணங்களை வெளியிட்டார். ஒரே ஆண்டுக்கு உரிய இத்தனை முத்திரைகள் ஒரே இடத்தில் கிடைப்பது, கல்லியக் குயவர்களின் காலத்தைக் கணிக்கிறவர்களுக்குப் புதையல். அரேட்டியத்துக்கு அது வேறு செய்தி. நூறு ஆண்டுக்குள் அதன் சந்தை கைமாறிவிட்டது.

அரேட்ஸோக்காரர்கள் தங்கள் மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்பதை மறக்கவில்லை. 1282-இல் ரிஸ்தோரோ என்ற அவ்வூர்த் துறவி உலகத்தின் அமைப்பைப் பற்றிப் புத்தகம் எழுதியபோது, அதில் இந்தப் பழைய பாத்திரங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். ஓடு கிடைத்தால் சித்திரம் தெரிந்தவர்கள் ஆனந்தத்தில் கூச்சலிட்டார்கள் என்றும், மனிதர் செய்ததாக இருக்குமா என்று மலைத்தார்கள் என்றும் சொல்கிறார். இரண்டு நூற்றாண்டு கழித்து ஒரு குயவர், ஊருக்கு வெளியே பழைய சூளையின் வளைவுகளையும் அதனருகே உடையாத பாத்திரங்களையும் கண்டெடுத்தார். நான்கைக் கொண்டுபோய், ஃபுளோரன்ஸின் அதிபதி லொரென்சோ தெ மெதிச்சி அரேட்ஸோவுக்கு வந்தபோது காணிக்கையாகக் கொடுத்தார். அந்தக் குயவரின் பேரன்தான் ஓவியர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜார்ஜோ வசாரி. தாத்தாவின் கதையையும் அதில் சேர்த்துவிட்டார். வசாரி என்ற குடும்பப் பெயரே குயவுத் தொழிலால் வந்தது.

முத்திரைகளைத் தொகுக்கும் வேலை பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுடையது. ஆகஸ்ட் ஓக்ஸே என்ற ஜெர்மானியர் ஆயுள் முழுவதும் இத்தாலிய முத்திரைகளைத் திரட்டினார். அமெரிக்கரான ஹோவர்ட் கம்ஃபர்ட் அதை முடித்து 1968-இல் அச்சுக்குக் கொண்டுவந்தார். ஃபிலிப் கென்ரிக் 2000-இல் அதைத் திருத்தி விரித்தார். கல்லியக் குயவர்களுக்கு பிரயன் ஹார்ட்லியும் பிரெண்டா டிக்கின்சனும் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்து ஒன்பது தொகுதிகள் தயாரித்தார்கள். முதல் தொகுதி 2008-இல் வந்தபோது ஹார்ட்லி உயிரோடு இல்லை. வேலைமுறை எளிது, ஆனால் பொறுமையைக் குடிப்பது. முத்திரைமேல் மெல்லிய காகிதத்தை வைத்துத் தேய்த்துப் படி எடுக்கவேண்டும். இன்னோர் ஊரில் எடுத்த படியோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒரே கட்டையில் குத்தியவையா என்று பார்க்கவேண்டும்.

பெயரைவிடக் கட்டைதான் முக்கியம். ஒரே பெயரில் இருபது கட்டைகள் இருக்கலாம். கட்டையின் ஓரம் உடையும். உடைந்த ஓரத்தைச் செதுக்கிவிட்டு மறுபடி பயன்படுத்துவார்கள். அப்போது பெயரின் கடைசி எழுத்து காணாமல்போகும். எந்தத் தட்டு முந்தியது, எது பிந்தியது என்று அதிலிருந்து வரிசை கிடைக்கிறது. கள்ளத்தனமும் தப்பாது. வெந்த தட்டின் முத்திரைமேல் களிமண்ணை அழுத்திப் புதுக் கட்டை எடுத்தால், அது காய்ந்து வெந்து சுருங்கும். அதைக் குத்திய தட்டும் சுருங்கும். நகல், மூலத்தைவிட அளவில் சிறுத்துப்போகும். அளவுகோலை வைத்தால் பேரப்பிள்ளை முத்திரை எது என்று தெரிந்துவிடும்.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். அரியாங்குப்பம் ஆறு கடலில் சேர்வதற்கு முன் வளையும் இடத்தில் உள்ள அரிக்கமேட்டின் பழஞ்செங்கற்களை 18-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு வெளிநாட்டவர் குறித்து வைத்திருந்தார். சூரியனை வெள்ளிக் கோள் கடப்பதைக் காண 1769-இல் புதுச்சேரியில் காத்திருந்து, அன்றைக்கென்று மேகம் மூடி ஏமாந்த பிரெஞ்சு வானியலாளர் ல ஜான்தி அவர். 1930-களில் பேராசிரியர் ழுவோ-துப்ரேய் அங்கே கிடைத்த மணிகளையும் செதுக்கிய கல்லையும் பார்த்து ரோமானியத் தொடர்பை உணர்ந்தார். 1940-களின் தொடக்கத்தில் ஃபோஷே பாதிரியாரும் சூர்லோவும் தோண்டினார்கள்.

மார்ட்டிமர் வீலர் 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்தவர். சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றைத் துழாவியபோது நீண்ட கைப்பிடியோடு கூடிய ஆம்போரா சாடியின் கழுத்து கையில் சிக்கியது. எங்கிருந்து என்றால் அரிக்கமேடு என்றார்கள். உடனே புதுச்சேரிக்குப் போனார். அங்கே நூலகத்தில் தூசி படிந்த கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்புத் தட்டு ஓடுகள். வீலர் பிரிட்டனில் ரோமானியக் குடியிருப்புகளைத் தோண்டியே பழகியவர். அந்தச் சிவப்பை அவருக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. புதுச்சேரி அப்போது பிரெஞ்சு மண்; அனுமதி பெற்று 1945-இல் தோண்டினார். அறிக்கை மறு ஆண்டே வந்துவிட்டது, அந்த வேகம் இன்றைக்கும் பொறாமைப்பட வைப்பது.

அரேட்டியத் தட்டுகளில் மூன்று முத்திரைகள் வாசிக்கக் கிடைத்தன: விபியே, கமுரி, இட்டா. மூன்றும் இத்தாலியக் குயவர் பெயர்கள். கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பாதியை ஒட்டிய காலம். வீலருக்குத் தேவைப்பட்டது இதுதான். தென்னிந்தியாவில் அதுவரை எந்தப் பழைய பானைக்கும் உறுதியான தேதி கிடையாது; அடுக்குகள் தெரியும், ஆண்டு தெரியாது. அரேட்டியத் தட்டு கிடந்த அடுக்கிலும், அதற்குக் கீழேயும், உட்புறத்தில் வட்ட வட்டமாகப் புள்ளிக்கோடு உருட்டிய கருஞ்சாம்பல் தட்டு ஒன்று கிடைத்தது. தொல்லியலார் அதை ரௌலட்டட் மட்கலம் என்பார்கள். சிவப்புத் தட்டுக்குத் தேதி உண்டென்றால் கூடக் கிடந்த கருந்தட்டுக்கும் தேதி உண்டு. அந்தக் கருந்தட்டு கர்நாடகத்தின் பிரம்மகிரி, சந்திரவள்ளி வரை பரவியிருந்தது. வீலர் 1947-இல் பிரம்மகிரியில் தோண்டி, அந்த நூலைப் பிடித்துக்கொண்டே அதன் அடியிலிருந்த பெருங்கற்கால அடுக்குகளுக்கும் கால எல்லை போட்டார். அரேட்டியத்தில் எவனோ ஒருவன் தன் பங்குக் கணக்குக்காக அழுத்திய கட்டை, ஈமக் கற்குவியல்களின் காலம் வரை நீண்டது.

அந்தத் தட்டுகள் இங்கே விற்பனைக்கு வந்தவையாகத் தெரியவில்லை. நம் துறைமுகங்களில் என்னென்ன இறங்கின என்று கிரேக்க மாலுமிக் கையேடான பெரிப்ளூஸ் முசிறியின் பட்டியல் தருகிறது: காசு, துணி, பவளம், செம்பு, ஈயம், மது. தட்டு இல்லை. வந்து தங்கிய யவன வணிகர்கள் தாங்கள் சாப்பிடக் கொண்டுவந்தவை என்பதே பொருத்தம்.

அதே மேட்டில் தமிழ்ப் பெயர்களும் கிடைத்தன. பானையோடுகளில் தமிழ் பிராமி எழுத்தில் கீறிய பெயர்கள். கொடுமணல், அழகன்குளம், கீழடி வரை இந்த வழக்கம் உண்டு, கீழடியின் 'ஆதன்' இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பெரும்பாலும் இவை பானை வெந்தபின் கீறியவை. வைத்திருந்தவரின் பெயர் என்றே கொள்கிறார்கள். அரேட்டியத்துத் தட்டில் வேகுமுன் பதிந்தது செய்தவரின் பெயர். ஒரே குழியிலிருந்து எடுத்த இரண்டு ஓடுகளில் இரண்டு வழக்கம். நம் ஓட்டில் வனைந்த குயவர் பேசவில்லை, அவர் பானையில் தண்ணீர் மொண்டவர் பேசுகிறார். எழுதப் படிக்கத் தெரிந்த வீட்டார் தங்கள் பானையைத் தாங்களே அடையாளமிட்டுக்கொண்டார்கள் என்பதில் நாம் பெருமைப்படலாம். குயவர் பெயர் கிடைக்காததில் குறைப்படவும் வேண்டும்.

வீலரின் கணக்கு முழுவதும் நிற்கவில்லை. கருந்தட்டு மத்தியதரைக் கடலிலிருந்து வந்தது என்று அவர் எண்ணினார். தொல்லியலாளர் விமலா பெக்லி 1980-களில் அதை மறுத்தார். அது இந்தியச் சரக்கு, அரேட்டியத் தட்டுக்கு நூறாண்டுக்கும் மேல் முந்தியே தொடங்கியது என்று காட்டினார். 1989 முதல் 1992 வரை அரிக்கமேட்டில் மறுபடி தோண்டி, யவனர் வருமுன்பே அது வாழ்ந்த ஊர் என்பதையும் நிறுவினார். பெருங்கற்காலத்துக்கு வீலர் போட்ட எல்லையைக் கார்பன் கணிப்பு பல நூற்றாண்டுகள் பின்னுக்குத் தள்ளிவிட்டது. நூலின் மறுமுனைகள் அறுந்தன. முத்திரை கட்டிய முனை மட்டும் அப்படியே இருக்கிறது. கருந்தட்டை எந்த ஊரில் வனைந்தார்கள் என்பதில் இன்னும் வழக்கு நடக்கிறது. களிமண்ணைச் சோதித்து வங்கத்தின் தாம்லுக், சந்திரகேதுகர் பக்கம் கை காட்டுகிறார்கள் சிலர். ஒரே இடத்தில் மட்டுமா என்று கேட்கிறார்கள் மற்றவர்கள். அந்தத் தட்டின் நடுவில் பெயர் எதுவும் இல்லை.

அடுத்த இதழில் ஐரோப்பாவின் முதல் பீங்கான் பட்டறை மைசென். 1720-களில் அவர்கள் குறுக்கிட்ட இரண்டு வாள்களைக் குறியாகக் கொண்டார்கள். கட்டையால் குத்தவில்லை, நீலச் சாயத்தில் தூரிகையால் வரைந்தார்கள், பூச்சுக்கு அடியில். கள்ளக் குறி போட்டவர்களின் கதை அதைவிடச் சுவையானது.